முறைத் தண்ணீர்

சிட்னியில் வீட்டுத் தண்ணீர் மீட்டரின் மூடியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து திறப்பார். 1996 முதல் 19 ஆண்டுகள், வடமேற்குப் புறநகர்த் தெருக்களில் அந்த ஒருவர் நான். கையில் கொக்கி, இடுப்பில் எண்ணைப் பதியும் கருவி, தலையில் அகன்ற தொப்பி. மூடியைத் தூக்கியதும் கண் தேடுவது எண்ணை அல்ல, சிவப்பு முதுகுச் சிலந்தியை. அது இல்லையென்று தெரிந்த பிறகே குனிவோம்.

ரவுஸ் ஹில், கெல்லிவில் பக்கத்து வீடுகளில் இரண்டு தடவை குனிய வேண்டும். அங்கே வீட்டுக்கு இரண்டு மீட்டர். ஒன்று குடிதண்ணீருக்கு. மற்றது ஊதா நிறம். குளியலறையிலும் சமையலறையிலும் கழிப்பறையிலும் இருந்து போன தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு, புல்லுக்கும் பூச்செடிக்கும் கார் கழுவவும் கழிப்பறைத் தொட்டிக்கும் திரும்பி வருகிற வழி அது. ஊதாக் குழாய்க்கு மேலே, குடிக்கக் கூடாது என்று ஒரு பலகை. இந்த நிறம் கலிபோர்னியாவின் இர்வைன் பகுதியில் தொடங்கி உலகம் முழுவதும் பரவிய வழக்கம் என்று பின்னர் அறிந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஊதாக் குழாய் வந்துவிட்டது, ஊதாத் தண்ணீர் வரவில்லை. ரவுஸ் ஹில் சுத்திகரிப்பு நிலையம் 1994இல் தொடங்கியது. புதுத் தெருக்களுக்கு அப்போதே இரட்டைக் குழாய் பதித்தார்கள். ஆனால் 2001 வரை இரண்டிலும் ஓடியது குடிதண்ணீர்தான். ஒரே தண்ணீரை இரண்டு மீட்டரில் எழுதிக்கொண்டு திரிந்தேன்.

இத்தனை செலவில் எதற்கு இரண்டாவது குழாய்? தண்ணீரை மிச்சம் பிடிக்க என்றுதான் இன்று எல்லோரும் சொல்வார்கள். தொடக்கக் காரணம் அது அல்ல. 1980களின் இறுதியில் வடமேற்கில் பல்லாயிரம் வீடுகள் எழப்போகின்றன என்று திட்டமிட்டபோது, அத்தனை வீட்டுக் கழிவுநீரும் எங்கே போவது என்பதுதான் கேள்வி. போகக்கூடிய ஒரே இடம் ஹாக்ஸ்பரி நேப்பியன் ஆறு. சுத்திகரித்த நீரிலும் மிஞ்சுகிற பொஸ்பரஸும் நைதரசனும் அந்த ஆற்றில் பாசியை வளர்த்துக்கொண்டிருந்தன. ஆற்றுக்குப் போகும் நீரைக் குறைக்க வேண்டும். குறைக்க வேண்டுமானால் அதை யாராவது வாங்கிப் புல்லுக்கு விட வேண்டும். ஆக ஊதாத் தண்ணீர் முதலில் ஒரு செல்வமாகப் பிறக்கவில்லை. அப்புறப்படுத்த வேண்டிய ஒன்றாகவே பிறந்தது.

இதை விளங்கிக்கொண்டால் அதன் முதல் விலையும் விளங்கும். 2001இல் ஆயிரம் லிட்டர் 28 சதம். அதே அளவு குடிதண்ணீர் ஏறத்தாழ ஒரு டொலர். மக்கள் தயங்கக் கூடாது, தாராளமாக எடுக்க வேண்டும் என்று வைத்த விலை. தயங்குவதற்குக் காரணமும் இருந்தது. 1998 குளிர்காலத்தில் சிட்னியின் குடிதண்ணீரிலேயே கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா என்ற நுண்ணுயிர்கள் தெரிந்து, மாநகரம் முழுவதும் வாரக்கணக்கில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தது. எங்கள் வீட்டில் இடியப்பத்துக்கு மா குழைக்கும் தண்ணீரைக்கூட இரண்டு தடவை கொதிக்கவைத்த நாட்கள் அவை. அது நடந்து மூன்று ஆண்டுதான் ஆன நிலையில், கழிவிலிருந்து வந்த நீரை வாசலுக்குக் கொண்டுவருகிறோம் என்றால் யார் விரும்புவார்கள்? சில வீடுகளில் பிளம்பர் இரண்டு குழாயையும் மாற்றி இணைத்த செய்திகளும் பிறகு வந்தன. அந்தப் பயத்தை வெல்ல மலிவு விலை வேண்டியிருந்தது.

வென்றது. நான் பார்த்தேன். இரண்டு கோடைகளுக்குள் ஊதா மீட்டரின் சக்கரங்கள் வேகம் பிடித்தன. புல்தரை பெரிதாக உள்ள வீடுகளில் ஊதா எண் குடிதண்ணீர் எண்ணைத் தாண்டிப் போனது. ஒரு சனவரி மத்தியானம், 40 பாகை வெயில், ஒருவர் தன் கார் நிற்கும் கொங்கிரீட் தரையைக் குழாயால் கழுவிக்கொண்டிருந்தார். தூசி ஒன்றுமில்லை, வெக்கை தணியட்டும் என்று. நான் நின்று பார்த்ததைக் கண்டு, "இது வெறும் மறுசுழற்சித் தண்ணீர்தானே" என்றார். நல்ல மனிதர், எனக்குக் குடிக்கக் குளிர்ந்த தண்ணீரும் தந்தார். ஆனால் அந்த "வெறும்" என்ற சொல் எனக்குள் தைத்தது.

நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்துப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் ஆண்டெல்லாம் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் உவர்நீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கும். அதுதான் எங்களுக்கு ஆறு, குளம் எல்லாம். எங்கள் தோட்டக் கிணற்றுக்கு ஆறு பங்குகாரர். காணி உறுதியில் நிலத்தின் எல்லைகளைச் சொல்லிவிட்டு, கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் உள்ள பங்கைத் தனியாக எழுதியிருப்பார்கள். சீதனமாகக் கொடுத்தால் அந்தப் பங்கும் போகும், ஈடு வைத்தால் அதுவும் ஈட்டில் இருக்கும். அந்தப் பங்கு இத்தனை பட்டைத் தண்ணீர் என்று இருக்காது. நாளாக இருக்கும், நாளுக்குள் பொழுதாக இருக்கும். இன்றைக்கு விடியப்புறம் எங்களுக்கு, பின்னேரம் பெரியப்பா வீட்டாருக்கு, நாளைக்குச் சின்னாச்சி வீட்டாருக்கு. அதற்குப் பெயர் முறை.

எங்கள் முறை வரும் நாளில் அப்பு நாலு மணிக்கு எழுப்புவார். "எழும்பு மோனை, வெயில் ஏற முன்னம் இறைச்சு முடிக்க வேணும்." துலாவில் ஏறி மிதிப்பவர் ஒருவர், பட்டை பிடிப்பவர் ஒருவர். பாத்திக்குத் தண்ணீர் மாறுவது என் வேலை. ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் வாய்க்கால் வாயை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். தூங்கி விழுந்தால் வெங்காயப் பாத்தி உடைந்துவிடும். "மாறு!" என்ற அப்புவின் குரல்தான் என்னை விழிக்கவைக்கும். எட்டு மணிக்குள் கிணறு அடிதட்டத் தொடங்கும். அப்போது நிறுத்திவிடுவோம். இன்னும் இரண்டு பாத்தி காய்ந்து கிடந்தாலும் நிறுத்துவோம். கிணறு ஊற வேண்டும். பின்னேரம் இன்னொருவர் முறை.

பிறகு மண்ணெண்ணெய் மிசின் வந்தது. மணிக்கணக்கில் நடந்த இறைப்பு அரை மணியில் முடிந்தது. கிணறு ஊற முன்னமே அடுத்தவர் மிசினை இறக்கினார். முறை என்ற சொல் உறுதியில் இருந்தது, தோட்டத்தில் தளர்ந்தது. கரையோரக் கிணறுகள் சில மெல்ல உவர்த்துப்போனதை என் வாழ்நாளில் கண்டேன்.

ரவுஸ் ஹில் தெருவில் நின்றபோது எனக்கு விளங்கியது இதுதான்: சுத்திகரிப்பு நிலையமும் ஓர் ஊற்றுக் கிணறு. காலையில் ஊர் குளிக்கிறது. அந்தத் தண்ணீர் குழாய்களுக்குள் ஊர்ந்து சில மணி நேரம் கழித்து நிலையத்தை அடைகிறது. இரவுச் சமையல் முடிந்தபின் இன்னொரு அலை. நிலையம் அதை வடிகட்டி, கிருமி நீக்கி, தன் வேகத்தில் நீர்த்தேக்கத் தொட்டிக்கு அனுப்புகிறது. இரவெல்லாம் யாரும் தோட்டத்துக்கு விடாததால் தொட்டி நிறைகிறது. விடியற்காலையில் அது நிறைகுடம். பின்னேரம் ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகக் குழாயைத் திறக்கிறார்கள். கோடை நாளில் தொட்டியின் மட்டம் சரசரவென்று இறங்குகிறது. அப்போது ஊதாக் குழாய் வறண்டுவிடக் கூடாது, கழிப்பறைகளும் அதில்தான் ஓடுகின்றன. எனவே குடிதண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு வால்வு திறந்து தொட்டியை நிரப்புகிறது. ஆக, வெக்கை மிகுந்த மாலைகளில் 28 சதத்துக்குப் புல்லில் பாய்ந்ததில் ஒரு பகுதி வரகம்பா அணையிலிருந்து வந்த நல்ல தண்ணீர். வீட்டுக்காரர் ஏமாற்றவில்லை, தண்ணீர் வாரியமும் ஏமாற்றவில்லை. விலைப் பட்டியலுக்கு மணிக்கூடு தெரியாது, அவ்வளவுதான்.

அதிகாலை ஐந்து மணிக்கு எடுத்த ஆயிரம் லிட்டரும் மாலை ஆறு மணிக்கு எடுத்த ஆயிரம் லிட்டரும் ஒரே விலை. முதலாவது ஆற்றைக் காத்தது. இரண்டாவது அணையைக் குறைத்தது.

நேரத்துக்கு விலை வைப்பது இந்த நாட்டுக்குப் புதிய யோசனை அல்ல. நாங்கள் டூங்காபியில் வாங்கிய பழைய வீட்டில் சுடுதண்ணீர்த் தொட்டிக்கு மின்சாரம் தனி மீட்டரில் வந்தது. ஓஃப் பீக் என்று பில்லில் தனி வரி, பகல் விலையைவிட மிகக் குறைவு. நிலக்கரி மின்நிலையங்களை இரவில் அணைத்து வைக்க முடியாது. யாரும் வேண்டாத மின்சாரத்தை வீட்டுத் தொட்டிகளில் சூடாகச் சேமிக்கச் சொல்லிப் பல தலைமுறைக்கு முன்பே அதை மலிவாக்கினார்கள். விக்டோரியாவில் இரவு 11 மணி தாண்டினால் அந்த விலை தொடங்கும். அந்த மணிக்கூட்டைச் சார்ந்து குடும்பங்கள் வாழப் பழகிக்கொண்டன. மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மணிக்கூடு இருந்தது. நான் வாசித்த தண்ணீர் மீட்டரில் பித்தளைப் பெட்டியும் சுழலும் எண்களும் மட்டும். ஒக்டோபரில் ஓர் எண், சனவரியில் ஓர் எண். இடையில் இருந்த 90 நாளில் எந்த மணிக்கு ஓடியது என்று அந்தச் சக்கரத்துக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற எனக்கு எப்படித் தெரியும்?

விலையால் சொல்ல முடியாத நேரத்தை அரசு கட்டளையால் சொன்னது. 2003 ஒக்டோபரில் சிட்னியில் தண்ணீர்க் கட்டுப்பாடு தொடங்கியது. 2005 ஜூனில் அது மூன்றாம் நிலைக்கு இறுகியது: கையில் பிடித்த குழாயாலோ சொட்டுநீர்க் குழாயாலோ மட்டும், புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும், காலை 10 மணிக்கு முன் அல்லது மாலை 4 மணிக்குப் பின். அந்த அறிவித்தலை வாசித்துவிட்டு மனைவியிடம், "எங்கடை முறை புதனும் ஞாயிறும்" என்றேன். நாற்பது ஆண்டுக்குப் பிறகு அந்தச் சொல் வாய்க்குத் திரும்பி வந்தது. மேற்கே பேர்த் நகரம் 2001 முதல் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்தது. வீட்டு இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து, எந்த இரண்டு நாள் தூவிக்குழாய் போடலாம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். என் அப்பு பார்த்திருந்தால் உடனே விளங்கியிருக்கும்.

சிட்னியின் கட்டுப்பாடு ஊதாக் குழாயைத் தொடவில்லை. வரட்சி ஆண்டுகளில் என் சுற்று எனக்கு ஒரு பாடமாக இருந்தது. டூங்காபியில் புல் மண்ணிறம். என் கறிவேப்பிலைக்குப் பாத்திரம் கழுவின தண்ணீர். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வடக்கே கெல்லிவில்லில் எந்த நாளும் எந்த நேரமும் பச்சைப் புல். 2007 பெப்ரவரியில் சிட்னி அணைகள் மூன்றில் ஒரு பங்கு மட்டத்துக்கு இறங்கின. அந்த வாரமும் மாலை ஐந்து மணிக்கு அங்கே தூவிக்குழாய்கள் சுழன்றன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் எடுப்பது ஆற்றுக்கு நல்லது என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் எந்த மணியில் எடுத்தால் நல்லது என்று ஒருவரும் சொல்லவில்லை.

விலையில் மாற்றம் வந்தது. அளவின் பக்கம் வந்தது. 2005 ஒக்டோபரில் குடிதண்ணீருக்கு இரண்டு படி விலை வைத்தார்கள். ஆண்டுக்கு 400 ஆயிரம் லிட்டருக்கு மேல் போனால் கூடுதல். மெல்பேர்ண் அதற்கு ஓராண்டு முன்பே மூன்று படி வைத்துவிட்டது. தண்ணீர் விலையைத் தீர்மானிக்கும் ஐபார்ட் என்ற சுயாதீன ஆணையம் 2006இல் மறுசுழற்சி நீருக்கு எப்படி விலை வைப்பது என்று தனியாக ஆராய்ந்தது. 28 சதக் காலம் முடிந்தது. ஊதாத் தண்ணீரின் விலை குடிதண்ணீர் விலையை நெருங்கி ஏறியது. கொங்கிரீட்டைக் கழுவிக் குளிரவைப்பது குறைந்தது, உண்மைதான். ஆனால் விடியப்புறம் எழும்பி விடுபவருக்கும் அதே விலை ஏறியது. தவறின் மேல் வைக்க வேண்டிய விலையைத் தண்ணீரின் மேல் வைத்துவிட்டார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன்.

மெல்பேர்ணில் எனக்கு ஒரு மச்சான். அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வெரிபிக்குக் கூட்டிப்போகச் சொல்வேன். கழிவுநீர்ப் பண்ணையைப் பார்க்க ஆசைப்படும் ஒரே விருந்தாளி நான்தான் என்பார். ஆனால் இந்தக் கதையின் வேர் அங்கே இருக்கிறது. 1880களில் தங்கப் பணத்தால் ஊதிப் பெருத்த மெல்பேர்ணில் மலமும் சாக்கடையும் தெருவோரத்தில் ஓடின. அதன் நாற்றத்தை வைத்தே நகரத்துக்குப் பட்டப்பெயர் சூட்டினார்கள். இங்கிலாந்திலிருந்து ஜேம்ஸ் மான்சர் என்ற பொறியியலாளரை வரவழைத்து அறிக்கை வாங்கினார்கள். 1891இல் வாரியம் அமைந்தது. தலைமைப் பொறியியலாளர் வில்லியம் துவெயிட்ஸ். சேர்ன்சைட் குடும்பத்தின் வெரிபி நிலத்தை வாங்கி 1892இல் வேலை தொடங்கி, 1897இல் முதல் கட்டடத்தை இணைத்தார்கள். ஸ்பொட்ஸ்வுட்டில் நீராவி இயந்திரங்கள் கழிவுநீரை மேலே தூக்கிவிட, அது வெரிபிச் சமவெளிக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே அவர்கள் செய்தது முறைப் பாசனம். கோடையில் வயலுக்குப் பாய்ச்சினார்கள். ஒரு பாத்திக்கு ஓரிரு நாள் விட்டு, சில நாள் காயவிட்டு, புல் வளர்ந்ததும் மாட்டையும் ஆட்டையும் மேயவிட்டு, ஏறத்தாழ மூன்று வாரத்தில் மறுபடி அதே பாத்திக்கு வருவார்கள். குளிர்காலத்தில் மண் குடிக்காது, வெயில் உறிஞ்சாது. அப்போது சரிவான புல்வெளிகளின் மேல் மெல்லிய படலமாக ஓடவிட்டுப் புல்லாலேயே வடிகட்டினார்கள். மழைக்காலத்துக் கூடுதல் நீருக்காகப் பின்னர் 1930களில் குளங்கள் வெட்டினார்கள். தண்ணீர் வருகிற காலமும் நிலம் ஏற்கிற காலமும் ஒன்றல்ல என்பதை அறிந்து நடத்திய பண்ணை. வேலையாட்களுக்காகக் கொகொரொக் என்று ஓர் ஊரே இருந்தது, பள்ளிக்கூடமும் நீச்சல் குளமும் சேர்த்து. இன்று அங்கே வீடுகள் இல்லை. பழைய தண்ணீர்த் தாங்கி நிற்கிறது. அதன் கீழ் நின்று, இந்த ஊரில் யாரோ ஒருவர் ஒவ்வொரு விடியலிலும் மதகைத் திறந்து மூடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

2005 முதல் வெரிபி தெற்கின் மரக்கறித் தோட்டங்களுக்கு அந்தப் பண்ணையின் மறுசுழற்சி நீர் போகிறது. பூக்கோவா, புரொக்கோலி, சலாது விளையும் மண். வரட்சியில் வெரிபி ஆறு கைவிட்டபோது அந்தத் தோட்டங்களைக் காப்பாற்றியது இந்த நீர்தான். ஆனால் அதில் உப்புக் கூடுதல். கிடைக்கும்போது ஆற்றுநீரோடு கலந்தே பாய்ச்ச வேண்டியிருந்தது. தோட்டக்காரர்கள் உப்பைப் பற்றிக் கவலைப்பட்டார்கள் என்று மச்சான் சொன்னபோது, வேலியின் இந்தப் பக்கம் நின்றபடியே அவர்களோடு எனக்கு உறவு உண்டாகிவிட்டது. நாள் முழுக்க ஊறுகிற தண்ணீர், கோடையில் மட்டும் கேட்கிற நிலம், உவர்ப்பு. இந்த மூன்றும் எனக்கு ஊரில் தெரிந்தவை.

காலத்தைப் பார்த்து விலை வைக்கும் எண்ணம் கடைசியில் வந்தது, ஆனால் மணியாக வரவில்லை. 2019இல் வரட்சி திரும்பி, காடுகள் எரிந்து, அடுத்த பெப்ரவரியில் பெய்த கடும் மழையில் அணைகளின் மட்டம் விரைந்து ஏறியது. அந்த ஆண்டே ஐபார்ட் புது விதி செய்தது: அணைகள் 60 வீதத்துக்குக் கீழே இறங்கினால் குடிதண்ணீர் ஆயிரம் லிட்டர் 2.35 டொலரிலிருந்து 3.18 டொலருக்கு ஏறும், 70 வீதத்தைத் தாண்டினால் இறங்கும். அமெரிக்காவின் பாலைவன நகரமான பீனிக்ஸில் பல காலமாகப் பருவத்துக்கு ஒரு விலை. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் ஊதாக் குழாய்க்கு வேண்டியது இதைவிடச் சிறிய, எளிய ஒன்று. இரவு பத்து மணி முதல் காலை ஏழு மணி வரை பாதி விலை. கோடை மாதங்களின் மாலையில் மட்டும் முழு விலை. எண்களைத் தாமே அனுப்பும் டிஜிட்டல் மீட்டர்கள் மெல்பேர்ண் வீடுகளுக்கு வரத் தொடங்கிவிட்டன. என்னைப் போன்றவர்கள் இனிக் குனியத் தேவையில்லை. அந்த மீட்டருக்கு மணி தெரியும். தெரிந்த பிறகும் பழைய விலைப் பட்டியலையே அதற்குக் கொடுத்தால் அது எனக்கு ஆறாத குறை.

வயதானவர்களும் இரவு வேலைக்குப் போகிறவர்களும் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். ஐம்பது டொலருக்கு விற்கிற நேரக்கருவியைக் குழாயில் மாட்டினால் அதுவே திறந்து மூடும். கழிப்பறைத் தண்ணீருக்கு நேரம் பார்க்க முடியாது. அதற்கு ஓர் அடிப்படை அளவை விட்டுவிடலாம். அப்புவின் கிணற்றிலும் குடிக்கவும் குளிக்கவும் முறை பார்த்ததில்லை. எந்தப் பொழுதிலும் யாரும் அள்ளலாம். முறை தோட்டத்துக்குத்தான்.

இப்போது நான் த பொண்ட்ஸ் புறநகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். ரவுஸ் ஹில் ஊதாக் குழாய் இங்கேயும் வருகிறது. விடிய ஐந்து மணிக்கு எழும்பி மல்லிகைக்கும் செவ்வரத்தைக்கும் தண்ணீர் விடுவேன். போன கிழமை மகன் கோப்பிக் கோப்பையோடு வெளியே வந்து நின்றான்.

"அப்பா, ஏன் இந்த இருட்டிலை? எப்ப விட்டாலும் பில் ஒண்டுதானே."

"இப்பதான் தொட்டி நிறைஞ்சிருக்கும்" என்றேன்.

பேரன் எழும்பி வந்து என் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டான். மல்லிகையின் அடி நிறைந்து வழியத் தொடங்கியது. "மாறு" என்றேன். அவனுக்கு அந்தச் சொல் தெரியாது. செவ்வரத்தையைக் கையால் காட்டினேன், குழாயை அங்கே திருப்பினான்.